அண்டை வீட்டு முதியவரிடம் கேளுங்கள்

அயர்லாந்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



நீங்கள் டப்ளினில் இருக்கலாம், கார்க்கிலோ லிமெரிக்கிலோ கால்வேயிலோ இருக்கலாம். மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவராக, மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்பவராக, என்னைப் போல முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்பவராக இருக்கலாம். யாராக இருந்தாலும், நகரத்தை விட்டுக் கொஞ்ச தூரம் காரில் போயிருந்தால் நீங்கள் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். வயலின் நடுவே வட்டமாக ஒரு மண்கரை. அதன்மேல் முள்மரங்கள் அடர்ந்து நிற்கும். சுற்றியுள்ள வயல் முழுவதும் உழுதிருக்கும். அந்த வட்டத்தை மட்டும் டிராக்டர் சுற்றிக்கொண்டு போயிருக்கும். அந்த வட்டங்களைப் பற்றியும், அவற்றுக்குள் வாழ்வதாக இந்நாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தவர்களைப் பற்றியும், இவற்றிடம் நம்மவர்கள் நடந்துகொள்ளும் விதம் பற்றியும்தான் எழுதுகிறேன்.

எனக்கு மனவருத்தம் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு இனிமையாக எழுத எனக்கு வராது.

நம் சங்கக் கூட்டம் ஒன்றில், இங்கே பிறந்த ஒரு சிறுமி மேடையேறித் தன் தோழியின் பாட்டி சொன்ன கதையைச் சொன்னாள். அப்படிப்பட்ட ஒரு வட்டக் கோட்டைக்குள் மாடு போனதும், அதைத் தேடிப்போன பையன் திரும்பி வந்தபோது யாரையும் அடையாளம் தெரியாமல் நின்றதும்தான் கதை. நாம் கைதட்டினோம். பிறகு முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், இந்த ஊர்க்காரர்களுக்கு இன்னமுமா இந்த மூடநம்பிக்கை என்று சத்தமாகக் கேட்டார். பலரும் சிரித்தார்கள். அந்தக் குழந்தையின் முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். வீடு கட்ட மனை வாங்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுவில், மனையின் நடுவே ஒற்றையாக நிற்கும் முள்மரத்தை வெட்ட உள்ளூர் ஆள் யாரும் வரமாட்டேன் என்கிறார்கள், வெளியூரிலிருந்து ஆள் கிடைக்குமா என்று கேட்டு ஒரு செய்தி வந்தது. ஏன் வரமாட்டேன் என்கிறார்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எங்கள் வேலையிடங்களில் இன்னொன்று நடக்கிறது. தொண்ணூறு வயது மூதாட்டி ஒருவர், மே மாதம் முதல் தேதி வீட்டிலிருந்து பால் வெளியே போகக் கூடாது என்று கவலையோடு சொல்கிறார். குறிப்பேட்டில் ‘குழப்பம்’ என்று எழுதிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறோம். அவருக்குக் குழப்பம் ஏதும் இல்லை. தன் தாய் கற்றுக்கொடுத்ததை அவர் சரியாக நினைவு வைத்திருக்கிறார். மே தினத்தில் பாலையோ நெருப்பையோ வீட்டுக்கு வெளியே கொடுத்தால் அந்த ஆண்டின் வெண்ணெய் முழுவதும் கைவிட்டுப் போய்விடும் என்று இந்தத் தீவு முழுவதும் நம்பினார்கள்.

‘நம்ம ஊர் முனி மாதிரித்தானே’ என்று சொல்வோரும் நம்மில் உண்டு. அவர்களை நான் குறை சொல்லவில்லை, அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் அப்படிச் சொன்ன அந்த நொடியில் கேட்பது நின்றுவிடுகிறது. தெரிந்த ஒன்றுக்குள் தெரியாததைப் போட்டு மூடிவிடுகிறோம். இவர்களுடையதை இவர்களுடையதாகவே ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

முதலில், உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் கடையில் வாங்கிக் கொடுக்கும் ‘ஃபேரி’ இறக்கைகளைக் கழற்றிவிடுங்கள். வண்ணத்துப்பூச்சி இறக்கையும் மந்திரக்கோலும் இங்கிலாந்தின் நாடக மேடையிலும் படப் புத்தகங்களிலும் வளர்ந்தவை. ஐரிஷ் கிராமத்துக் கதைகளில் வருகிறவர்கள் பெரும்பாலும் மனிதர்களைப் போலவே இருப்பவர்கள். மாடு வளர்ப்பார்கள், சந்தைக்குப் போவார்கள், திருமணம் செய்வார்கள், இறந்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். ஹர்லிங் ஆடுவார்கள்; ஆனால் ஆட்டம் நடக்க உயிருள்ள மனிதன் ஒருவன் கூட இருந்தாக வேண்டும் என்பதால் நல்ல ஆட்டக்காரனை இரவில் அழைத்துப் போவார்கள். வயதானவர்கள் அவர்களை நேரடியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடவே மாட்டார்கள். நல்லவர்கள் என்பார்கள், பெரிய மனிதர்கள் என்பார்கள், கிளேர் பக்கத்தில் மற்றக் கூட்டத்தார் என்பார்கள். நானும் இந்த மடலில் அப்படியே சொல்லிப் போகிறேன்.

இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்குக் கிராமத்தார் சொன்ன விளக்கம் என்னை இன்றும் நிறுத்தி வைக்கிறது. வானுலகில் கலகம் நடந்தபோது கடவுளின் பக்கமும் சேராமல், எதிர்ப்பக்கமும் சேராமல் நின்ற தேவதூதர்களாம். சொர்க்கத்தில் இருக்கத் தகுதி இல்லை, நரகத்துக்குப் போகும் அளவுக்குக் குற்றமும் இல்லை. விழுந்த இடத்தில் தங்கிவிட்டார்கள்: சிலர் நிலத்தில், சிலர் கடலில், சிலர் காற்றில். கதையில் அவர்கள் ஒரு பாதிரியாரை வழிமறித்து, கடைசித் தீர்ப்பு நாளில் எங்களுக்கு மீட்பு உண்டா என்று கேட்கிறார்கள். உங்கள் உடம்பில் ஒரு பேனாவை நனைத்து எழுதும் அளவுக்கு இரத்தம் இருந்தால் உண்டு என்கிறார் அவர். அவர்களிடம் ஒரு சொட்டும் இல்லை. அழுதுகொண்டே போய்விடுகிறார்கள். எங்கும் சேராமல் இடையில் நின்றுபோனவர்களின் துயரத்தை எழுதப் படிக்கத் தெரியாத உழவர்கள் இவ்வளவு நுட்பமாக நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு நாடுகளுக்கு நடுவே நிற்கும் நமக்கு அந்தக் கதையைக் கேட்கக் காது வேண்டாமா?

இனி அந்த வட்டங்களுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்களில் சிலர் நிலம் வாங்குகிறீர்கள். ஊரார் ஃபேரி ஃபோர்ட் என்று சொல்லும் இந்த மண்கரைகள் அயர்லாந்து முழுவதும் 40,000-க்கும் மேல் எஞ்சியிருக்கின்றன. தொல்லியலாளர்கள் கணக்கில் இவற்றில் பெரும்பாலானவை ஏறக்குறைய கி.பி. 500 முதல் 1000 வரையிலான காலத்துப் பண்ணை வீடுகள். ஒரு குடும்பமும் அதன் மாடுகளும் இரவில் பாதுகாப்பாக இருக்க எழுப்பிய கரையும் அகழியும்தான் அவை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சாதாரண மனிதரின் முற்றங்கள் இத்தனை எண்ணிக்கையில் நிலத்தின்மேல் நிற்பது எளிதாக நடக்கிற காரியம் அல்ல. மன்னர்கள் இவற்றைக் காக்கவில்லை. சட்டம் வந்ததோ மிகப் பிந்தி. நிலமில்லாமல் பஞ்சத்தில் வாடிய உழவன், கால் ஏக்கர் கூடுதலாகக் கிடைத்தால் பிள்ளைகள் பசியாறும் என்ற நிலையிலும், அந்த வட்டத்துக்குள் மண்வெட்டியை இறக்கவில்லை. இறக்கினால் மாடு சாகும், கை முடங்கும், வீட்டில் ஒரு உயிர் போகும் என்று பயந்தான். அந்தப் பயம்தான் ஒரு நாட்டின் தொல்பொருளைக் காவல் காத்தது. அதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

கரைகளுக்குள் இன்னொன்றும் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நீங்கள் அந்த இடங்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும் என்று நம்புகிறேன். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுவைத் திருச்சபையின் கல்லறை நிலத்தில் புதைக்க இடமில்லாதிருந்தது. செத்துப் பிறந்த குழந்தையும் அப்படித்தான். அதற்கு அடையாளக் கல் கிடையாது, பூசை கிடையாது. தகப்பனோ சித்தப்பனோ இருட்டில் அந்தச் சிறு உடலைத் தூக்கிப்போய்ப் புதைத்துவிட்டு வருவார். ஐரிஷ் மொழியில் கில்லீன் என்று அழைக்கப்படும் இத்தகைய குழந்தைப் புதையிடங்கள் 1,000-க்கும் மேல் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் பல இந்த வட்டக் கரைகளுக்குள் இருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் இது நடந்தது. உங்கள் பக்கத்து வீட்டு மூதாட்டியின் தங்கையோ தம்பியோ அங்கே கிடக்கலாம். கோட்டைக்குள் விளையாடாதே என்று அவர் உங்கள் பிள்ளையை அதட்டுவது எதற்காகவென்று அவராகச் சொல்லமாட்டார். நீங்கள் பொறுமையாக உட்கார்ந்தால் ஒருநாள் சொல்லக்கூடும். எந்த ஊரிலும் சேர்க்கப்படாத குழந்தைகளை, எங்கும் சேராதவர்களின் வாசலில் கொண்டுபோய் ஒப்படைத்திருக்கிறார்கள் இந்தத் தாய் தகப்பன்மார். வேறு யாரிடம் ஒப்படைப்பார்கள்?

சட்டமும் இப்போது உண்டு. பதிவேட்டில் உள்ள தொல்லிடத்தில் கைவைக்க வேண்டுமானால் அமைச்சகத்துக்கு இரண்டு மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கெர்ரியில் ஒரு கோட்டையை அழித்தவருக்கு 2012-இல் நீதிமன்றம் 25,000 யூரோ அபராதம் விதித்தது. ஆனாலும் அபராதத்துக்குப் பயந்து நீங்கள் விலகி நிற்க வேண்டும் என்பது என் விருப்பமல்ல.

ஒற்றை முள்மரத்தைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கும் வருகிறேன். ஹாதார்ன் என்னும் அந்த மரம் வேலியில் வரிசையாக நின்றால் யாரும் அஞ்சமாட்டார்கள். வயல் நடுவே, யாரும் நடாமல், தனியாக முளைத்து நின்றால்தான் அது மற்றக் கூட்டத்தாருக்குச் சொந்தம். மே மாதத்தில் வெள்ளையாகப் பூத்துக் குலுங்கும். அந்தப் பூவைக்கூட வீட்டுக்குள் கொண்டுவர விடமாட்டார்கள். 1999-இல் கிளேர் கவுண்டியில் நியூமார்க்கெட் ஆன் ஃபெர்கஸ் அருகே புறவழிச்சாலை போடத் திட்டமிட்டபோது, லாட்டூன் என்ற இடத்தில் இப்படியொரு மரம் பாதையில் நின்றது. எடி லெனிஹன் என்ற கதைசொல்லி அதற்காகக் குரல் கொடுத்தார். ஆசிரியர் அவர்; பல்லாண்டுகள் முதியவர்களைத் தேடிப்போய்க் கதைகளைப் பதிவு செய்தவர். மன்ஸ்டர் பகுதியின் மற்றக் கூட்டத்தார் கொனாக்ட் பகுதியின் கூட்டத்தாரோடு போருக்குப் போகும்போதும் வரும்போதும் கூடும் இடம் இந்த மரம் என்று ஒரு உழவர் தன்னிடம் சொன்னதை அவர் பத்திரிகைக்கு எழுதினார். இதை வெட்டினால் அந்தச் சாலையில் போகிறவர்களுக்கு ஆகாது என்றும் எச்சரித்தார். வெளிநாட்டுப் பத்திரிகைகள்வரை செய்தி போனது. சாலை வந்தது, மரமும் நின்றது. 2002-இல் யாரோ இரவில் வந்து கிளைகளையெல்லாம் அறுத்துப் போட்டார்கள். மரம் மறுபடி துளிர்த்தது. ஷானனிலிருந்து எனிஸ் போகும் வழியில் நீங்களும் அதைக் கடந்து போயிருப்பீர்கள். ஒரு முதியவர் சொன்ன ஒரு சொல்லைக் கேட்டுப் பொறியாளர்கள் மரத்துக்கு இடம் விட்டார்கள். அவ்வளவு மரியாதையை உங்கள் மனையில் நிற்கும் மரத்துக்கும் தரும்படி கேட்கிறேன். வரைபடத்தில் வீட்டைப் பத்தடி தள்ளி வைத்தால் முடிந்துவிடும் காரியம் அது.

2017-இல் கெர்ரியைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் டானி ஹீலி-ரே, கில்லார்னிக்குப் போகும் சாலையில் திரும்பத் திரும்ப விழும் பள்ளத்துக்கு அங்குள்ள கோட்டைகளே காரணம் என்றார். உலகமே சிரித்தது. நம் குழுக்களிலும் அந்தச் செய்தி சுற்றியது, சிரிப்புப் படங்களோடு. அவர் சொன்ன காரணத்தை ஏற்க வேண்டும் என்று நான் யாரையும் கேட்கமாட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பில் பழைய ஒரு சிரிப்பின் சாயல் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இந்த நம்பிக்கையின் மிகக் கொடிய பக்கமும் அங்கேதான் இருக்கிறது.

மற்றக் கூட்டத்தார் மனிதர்களைக் கவர்ந்து போவார்கள் என்று நம்பினார்கள். அழகான ஆண் குழந்தையை, புதிதாகப் பிள்ளை பெற்ற தாயை. எடுத்துப்போன இடத்தில் அதே உருவத்தில் நோஞ்சானான ஒன்றை விட்டுவிடுவார்கள். அதனால்தான் தொட்டிலின் குறுக்கே அடுப்பு இடுக்கியை வைத்தார்கள்; இரும்புக்கு அவர்கள் அஞ்சுவார்களாம். அதனால்தான் மேற்குக் கரையில் சிறு பையன்களுக்குப் பாவாடை உடுத்தி வளர்த்தார்கள். நன்றாக இருந்த குழந்தை ஒருநாள் பேச்சை நிறுத்திவிட்டால், நடக்காமல் போனால், ஓயாமல் அழுதால், மெலிந்துகொண்டே வந்தால், இது என் பிள்ளை இல்லை, என் பிள்ளை வேறெங்கோ நலமாக இருக்கிறது என்று ஒரு தாய் நினைத்துக்கொள்ள அந்த நம்பிக்கை இடம் கொடுத்தது. துயரத்துக்கு அது ஒரு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த ஆறுதலே கொலைக்கும் இட்டுச்சென்றது. 1826-இல் கெர்ரியில், நடக்கவும் பேசவும் முடியாத மைக்கேல் லீஹி என்ற நான்கு வயதுச் சிறுவனை ஃப்ளெஸ்க் ஆற்றில் முக்கிக் கொன்றாள் ஆன் ரோச் என்ற முதியவள். அவனுக்குள் இருந்ததை வெளியேற்றத்தான் அப்படிச் செய்தேன் என்றாள். நீதிமன்றம் அவளை விடுதலை செய்தது.

1895 மார்ச் மாதம் டிப்பரேரி கவுண்டியில் பாலிவாட்லி என்ற சிற்றூரில் நடந்ததை இன்னும் பலர் அறிவார்கள். பிரிஜெட் கிளியரிக்கு வயது 26. தையல் வேலை செய்தாள்; சொந்தமாக ஒரு சிங்கர் தையல் இயந்திரம் வைத்திருந்தாள்; கோழி வளர்த்து முட்டை விற்றுத் தன் கையில் காசு வைத்திருந்தாள். அந்த மாதத் தொடக்கத்தில் காய்ச்சலில் படுத்தாள். மருத்துவரும் வந்தார், பாதிரியாரும் வந்தார். ஆனால் கணவன் மைக்கேல், பீப்பாய் செய்யும் தொழிலாளி, படுத்திருப்பது தன் மனைவி இல்லை என்று முடிவு செய்தான். உறவினர்கள் அவளைப் பிடித்துக்கொள்ள, பாலில் காய்ச்சிய மூலிகையை வாயில் திணித்தார்கள். நீ பிரிஜெட்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மார்ச் 15 இரவு, அடுப்படியில், தகப்பனும் உறவினரும் வீட்டில் இருக்கையிலேயே அவளை எரித்தான் மைக்கேல். பிறகு பக்கத்துக் கைலனகிரானாக் கோட்டையிலிருந்து உண்மையான மனைவி வெள்ளைக் குதிரையில் வருவாள் என்று இரவுகளில் கத்தியோடு காத்திருந்தான். ஒரு வாரம் கழித்து, ஆழமில்லாத குழியில் உடல் கிடைத்தது. இருபது ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று, பதினைந்து ஆண்டு கழித்து, 1910-இல் வெளியே வந்தான்.

இதை நான் ஏன் உங்களுக்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்? இந்த மரபை மதியுங்கள் என்று கேட்பவள் இந்தக் கதையை ஒளித்து வைத்தால் என் வேண்டுகோளில் நேர்மை இருக்காது. பிரிஜெட்டைக் கொன்றது மற்றக் கூட்டத்தார் இல்லை. சொந்தக் காசும் சொந்தப் பேச்சும் உள்ள ஒரு பெண்ணைப் பொறுக்காத வீடு, கையருகில் கிடந்த நம்பிக்கையை ஆயுதமாக எடுத்துக்கொண்டது. ஆஞ்சலா பர்க் 1999-இல் இதைப் பற்றி எழுதிய நூலைப் படித்தபின் எனக்கு உறுதியான எண்ணம் இது. நம் வீடுகளிலும், ஒரு பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல் பேசாமல் இருந்தால், யார் கண் பட்டதோ, எந்தத் தோஷமோ என்று தேடி ஆண்டுகளைக் கழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மைக்கேல் லீஹியின் கதையைக் கேட்க வேண்டும். தங்கள் பிள்ளையை மருத்துவரிடமும் சிறப்புப் பள்ளிக்கும் தாமதமின்றி அழைத்துப் போக வேண்டும். இந்த மரபில் நாம் நெஞ்சில் வைக்க வேண்டியவற்றோடு எச்சரிக்கையாகக் கற்க வேண்டியதும் இருக்கிறது.

அந்தப் பழைய சிரிப்பு என்றேனே, அது இதுதான். பிரிஜெட்டின் சாவு செய்தியானபோது, ஐரிஷ் தன்னாட்சியை எதிர்த்த பத்திரிகைகள் அதை ஒரு சாட்சியாக எடுத்து வீசின. தங்களையே ஆளத் தகுதியில்லாத காட்டுமக்கள் இவர்கள் என்று எழுத அது உதவியது. ஒரு பெண்ணின் கொலை ஒரு மக்களின் இழிவாக மாற்றப்பட்டது. இந்நாட்டு முதியவர்கள் தங்கள் கதைகளை வெளியாள் முன்னால் சொல்லத் தயங்குவதற்கு அந்த அவமானத்தின் நினைவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். நாம் வெளியாட்கள். நம் முகத்தில் அந்தச் சிரிப்பின் ஒரு கீற்றைக் கண்டாலும் அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். பிறகு என்ன கேட்டாலும் வானிலை பற்றி மட்டும் பேசுவார்கள்.

செவிலியர்களே, பராமரிப்பாளர்களே, உங்களிடம் தனியாக ஒன்று. மருத்துவச்சியின் கதை உங்களுக்கென்றே இருப்பது. இரவில் குதிரையில் ஒருவன் வந்து கதவைத் தட்டுகிறான். பிரசவத்துக்கு அழைத்துப் போகிறான். பெரிய மாளிகை, விளக்குகள், விருந்து. பிள்ளை பிறக்கிறது, அதன் கண்ணில் தடவ ஒரு மருந்து தருகிறார்கள். மருத்துவச்சி அறியாமல் அதே விரலால் தன் ஒரு கண்ணைத் தேய்த்துவிடுகிறாள். அந்தக் கண்ணுக்கு மாளிகை மறைந்து மண்கோட்டை தெரிகிறது. படுத்திருக்கும் தாய், போன ஆண்டு பிரசவத்தில் இறந்து, தானே கண்ணீரோடு புதைக்கப் போய்வந்த அண்டை வீட்டுப் பெண். எதையும் உண்ணாதே, உண்டால் திரும்பிப் போகமாட்டாய் என்று அவள் ரகசியமாகச் சொல்கிறாள். பின்னொரு நாள் சந்தையில் அந்தக் குதிரைக்காரனைக் கண்டு மருத்துவச்சி நலம் விசாரிக்கிறாள். எந்தக் கண்ணால் என்னைப் பார்க்கிறாய் என்று கேட்டு அவன் அந்தக் கண்ணைக் குருடாக்கிவிடுகிறான். பிரசவ அறையில் தாய் இறந்துபோவதைக் கண்டவர்கள் நீங்கள். இறந்தவள் எங்கோ இன்னொரு பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று நம்ப விரும்பிய ஊரின் வலி உங்களைவிட யாருக்குப் புரியும்?

பஞ்சத்தின் கதையும் இப்படித்தான். சில புல்வெளிகளில் கால் வைத்தால் திடீரெனப் பசி வந்து உடல் நடுங்கி விழுந்துவிடுவோம் என்று மேற்குப் பகுதியில் சொல்வார்கள். சட்டைப் பையில் ஒரு ரொட்டித் துண்டு வைத்திருந்தால் தப்பலாம். 1845-க்குப் பிந்தைய பெரும்பஞ்சத்தில் பசியால் மடிந்தவர்கள் விழுந்த இடங்கள் அவை என்று பலரும் விளக்குவார்கள். இறந்தவர்கள் ஏறக்குறைய பத்து லட்சம் பேர். நினைவுக்கல் இல்லாத சாவுகளைப் புல்லில் நினைவு வைத்திருந்தார்கள்.

இதையெல்லாம் எப்படி அறிகிறோம்? இங்குதான் என் வேண்டுகோள் தொடங்குகிறது. 1935-இல் ஐரிஷ் நாட்டாரியல் ஆணையம் அமைக்கப்பட்டது. 1937 முதல் 1939 வரை அது ஒரு காரியம் செய்தது. ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளில் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம், வழக்கமான கட்டுரைப் பாடத்துக்குப் பதிலாக, வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டு எழுதி வரச் சொன்னது. கோட்டைகள், முள்மரங்கள், சாவுக்கு முன் சில குடும்பங்களுக்காக அழும் பான்ஷி, நோய்க்குக் கைவைத்தியம், கிணறுகள், பஞ்சம் என்று எல்லாமே. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதினார்கள். இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் தேசிய நாட்டாரியல் தொகுப்பில் அது ஏறக்குறைய 7,40,000 பக்கங்களாக இருக்கிறது. 2017-இல் நாட்டாரியல் ஆணையத்தின் தொகுப்பை யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எழுதியவர்கள் பதினொன்று முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள். உங்கள் மகளும் மகனும் இன்று படிக்கும் பள்ளியில் அன்று படித்தவர்களும் அவர்களில் இருந்திருக்கலாம். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இப்போது எண்பதை நெருங்கி, நம் கைகளில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

இந்நாட்டுப் பேரப்பிள்ளைகள் பலர் ஆஸ்திரேலியாவில், கனடாவில் இருக்கிறார்கள். கதையைக் கேட்கப் பக்கத்தில் ஆளில்லை. நாமோ பக்கத்திலேயே இருக்கிறோம். நம் தாத்தா பாட்டிகள் தொலைவில் இருப்பதால் நம் பிள்ளைகளுக்கும் கதை சொல்ல ஆளில்லை. இந்த இரண்டு வெறுமைகளையும் ஒரு மேசையில் எதிரெதிராக உட்கார வைக்க முடியாதா? இதுதான் நான் உங்களிடம் கேட்பது.

அக்டோபர் கடைசியில் பள்ளி விடுமுறை வருகிறது. சாவின் என்னும் பழைய பண்டிகை நாள், ஹாலோவீன், அதற்குள்தான் விழும். அந்த நாளுக்கப்புறம் ப்ளாக்பெர்ரிப் பழத்தைப் பறிக்காதே, பூக்கா என்ற குறும்புப் பேய் அதைக் கெடுத்திருக்கும் என்று இங்கே சொல்வார்கள். கடையில் உடை வாங்குவதோடு நிறுத்தாமல், பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். அண்டை வீட்டு முதியவரிடம் முன்கூட்டியே கேட்டு, அவருக்கு வசதியான நேரத்தில் அழைத்துப் போங்கள். ஏதாவது பலகாரம் கொண்டுபோங்கள். உங்களுக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று தொடங்கவே தொடங்காதீர்கள். அந்தக் கேள்வி அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும். இந்தப் பக்கத்தில் கோட்டை எங்கே இருக்கிறது, சின்ன வயதில் அங்கே போகவிட்டார்களா, கால் கழுவிய தண்ணீரை இரவில் எப்படி வெளியே ஊற்றுவார்கள், புதுக் கன்றின் முதல் பாலை என்ன செய்வார்கள், வழி தவறினால் சட்டையை ஏன் திருப்பிப் போட வேண்டும், இப்படிக் கேளுங்கள். கீழே கிடக்கும் சீப்பை ஏன் எடுக்கக் கூடாது என்று கேட்டால் பான்ஷியின் கதை தானாக வரும். பிள்ளை எழுதட்டும். சொன்னவர் பெயர், ஊர், தேதி, யாரிடமிருந்து அவர் கேட்டார் என்பதையும் எழுதட்டும். பிறருக்குக் காட்டலாமா என்று அனுமதி கேட்டு, வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்தை அவருக்கே கொடுத்துவிடுங்கள். சம்மதித்தால் ஒரு நகலை உங்கள் கவுண்டி நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் சேருங்கள்.

முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் நாம், ‘குழப்பம்’ என்று எழுதுவதற்கு முன்னால், அவர் சொன்னது என்னவென்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம். ஜன்னலருகே மற்றக் கூட்டத்தாருக்காக ஒரு கிண்ணம் சுத்தமான தண்ணீர் இரவில் இருக்கட்டும் என்று அவர் விரும்பினால், தடுக்கி விழாத இடத்தில் வைத்துக் கொடுப்போம். சங்கப் பொறுப்பாளர்களே, அடுத்த கூட்டத்தில் அந்தச் சிறுமியை மறுபடி மேடைக்கு அழையுங்கள். இம்முறை அவள் தோழியின் பாட்டியையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். மனை வாங்குகிறவர்கள், வரைபடம் போடுமுன் பக்கத்து நிலத்துக்காரர் வீட்டுக்குப் போய், இங்கே தொடக்கூடாத இடம் ஏதும் உண்டா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
கிளேர் கவுண்டியிலிருந்து,
உங்களில் ஒருத்தி